கழுதை கத்திய வியாழக்கிழமைகள்

டெர்வ்லா அந்த அறைக் கதவைத் தட்டும்போதெல்லாம் உள்ளே முதலில் கேட்பது "உஷ்" என்பதுதான். அதற்குப் பிறகு காலடிச் சத்தம், கதவுச் சங்கிலியை எடுக்கும் சத்தம், கடைசியில் ஜசிந்தாவின் முகம்.

"வாங்க, வாங்க. சின்னவன் இப்பத்தான் கண்ணசந்தான்" என்பாள், தொண்டைக்குள்ளேயே.

டப்ளின் விமான நிலையச் சாலையில் இருந்த ஓட்டல் அது. கீழ் மாடிகளில் பயணிகள். மூன்றாவது மாடி முழுக்க, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு வேறு வீடு கிடைக்காத குடும்பங்கள். நகர நிர்வாகமான கவுன்சில்தான் அவர்களை அங்கே வைத்திருந்தது. ஜசிந்தாவின் அறையில் ஒரு பெரிய கட்டில், ஒரு தொட்டில், ஒரு கெட்டில், சுவரோரமாக அடுக்கிய பைகள். அவற்றுக்கு நடுவே இருபத்தேழு வயது ஜசிந்தாவும், மூன்றரை வயது மகள் கீலினும், ஐந்து மாதக் கைக்குழந்தை டாராவும் பதினோரு மாதங்களாக இருந்துகொண்டிருந்தார்கள்.

டெர்வ்லாவுக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை. பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் உள்ள இப்படிப்பட்ட அறைகளுக்கு வாரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். அரைமணி நேரம் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்த புத்தகத்தைக் குழந்தையிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும். கேட்டால் சின்ன விஷயம். ஆனால் ஐந்து வயதில் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாமல் வகுப்பறைக்குள் நுழைகிற குழந்தை எத்தனை பின்தங்கி நிற்கும் என்பதை அவள் பார்த்திருந்தாள். முன்பு நாலு வருஷம் ஒரு நர்சரியில் வேலை பார்த்தவள்.

அக்டோபரில் முதல் தடவை போனபோது அவள் எடுத்துப்போனது, கெட்டி அட்டைப் பக்கங்கள் கொண்ட ஒரு பேருந்துக் கதை. ஒரு கோழி பேருந்து ஓட்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு மிருகம் ஏறும். ஏறும்போது அதன் சத்தத்தைப் போடும். பசு, பன்றி, வாத்து, கடைசியில் கழுதை. கழுதை கத்துகிற கத்தலில் பேருந்தின் நான்கு டயரும் வெடித்துவிடும். எந்தக் குழந்தையும் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் கட்டிலில் குதித்துக் கத்தும். அதை நம்பித்தான் டெர்வ்லா அந்தப் புத்தகத்தை எல்லா வீட்டுக்கும் முதலில் எடுத்துப்போவாள்.

கீலினும் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் எழுந்து நின்றாள். கழுத்தை நீட்டினாள். வாயை அகலத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது, உடம்பே குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

டெர்வ்லாவுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி அந்தப் பக்கத்தைக் காட்டினாள். மறுபடி அதே ஊமைக் கத்தல். கத்தி முடித்துவிட்டுக் கீலின் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்து, "சமர்த்து" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

வாசல்வரை வந்தபோது ஜசிந்தா சொன்னாள். "பேசத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. பேசக் கூடாதுன்னு தெரியும். வந்த புதுசுல பக்கத்து ரூம்காரன் மூணு தடவ கம்ப்ளைண்ட் கொடுத்தான். மூணாவது தடவ மேனேஜர் பேப்பர்ல எழுதி, கையெழுத்து வாங்கிட்டுப் போனார். இன்னொரு தடவன்னா இடம் மாத்திருவாங்களாம். அதான், உஷ் உஷ்னு சொல்லியே வளத்துட்டேன்."

"வார்த்தை எத்தனை சொல்வா?"

"காதுல வந்து சொல்வா. பால், ஷூ, போலாம், டாரா. அப்புறம் 'சாரி'. சாரியத்தான் நல்லா சொல்வா." ஜசிந்தா சிரித்தாள். "பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். வரிசையில இருக்கோமாம். அவளுக்குக் கல்யாணம் ஆகுறதுக்குள்ள கூப்பிட்டா சரி."

டெர்வ்லா அதன் பிறகு வாரந்தோறும் போனாள். கீலினுக்குப் புத்தகம் பிடித்துப்போனது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஒரு சொல்கூட உரக்கப் பேசாத பிள்ளை, பக்கம் புரட்டுவதில் அப்படி ஒரு ராணித்தனம் காட்டினாள். டெர்வ்லா அவசரப்பட்டுப் புரட்டினால் கையைத் தட்டிவிடுவாள். ஒரு படத்தை முழுசாகப் பார்த்து முடித்த பிறகே அடுத்தது. வாத்தின் காலில் ஒரு செருப்புதான் இருக்கிறது, இன்னொன்று மூன்று பக்கம் தள்ளி மழைக் குட்டையில் கிடக்கிறது என்று விரலால் காட்டிக் கொடுத்தது அவள்தான். நூறு தடவை அந்தப் புத்தகத்தை வாசித்திருந்த டெர்வ்லா அதைக் கவனித்ததே இல்லை.

ஆனால் சத்தம் இல்லை. சத்தத்துக்கு இடமும் இல்லை. நடைபாதையில் உட்கார்ந்து பார்த்தார்கள்; குழந்தைகள் நடைபாதையில் நிற்கக் கூடாது என்று ஒட்டியிருந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் கீழே உள்ள சாப்பாட்டுக் கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். ஒருநாள் குளியலறைக்குள் போய், தண்ணீர் இல்லாத தொட்டியில் தலையணை போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். டெர்வ்லா மெல்லப் பன்றி மாதிரி ஒரு உறுமல் போட்டாள். ஓடு பதித்த சுவர் அதைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. அடுத்த நிமிஷம் அந்தப்பக்கத்திலிருந்து யாரோ முஷ்டியால் இடித்தார்கள். டாரா விழித்துக்கொண்டு அழுதான். கீலின் தொட்டியில் சுருண்டு, "சாரி" என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, மழை சற்று விட்டிருந்தது. டெர்வ்லா ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தாள். அவளுடைய பழைய நீலக் கார் கடைசி வரிசையில் தனியாக நின்றது.

"ஜசிந்தா, குழந்தைங்களுக்குக் கோட்டு மாட்டு."

"எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. என் கார்ல உக்காரப் போறோம். கண்ணாடிய ஏத்திட்டு."

ஜசிந்தா டாராவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கீலின் அவள் பக்கத்தில். டெர்வ்லா முன் இருக்கையில் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். ஹீட்டர் பாதிதான் வேலை செய்தது. பசு ஏறியது, டெர்வ்லா கத்தினாள். பன்றி ஏறியது, கத்தினாள். வாத்துக்கு ஜசிந்தாவும் சேர்ந்துகொண்டாள். கீலின் ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், யாரும் இடிக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

கழுதை வந்தது.

முதலில் இருமல் மாதிரி ஏதோ வந்தது. அப்புறம் துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒன்று. மூன்றாவது தடவை, "ஹீ... ஹா" என்று அந்தச் சின்ன உடம்பிலிருந்து கிளம்பிய சத்தத்தில் டாரா திடுக்கிட்டு அம்மாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டான். கீலினே பயந்துபோய் வாயைப் பொத்தினாள். பிறகு விரலை விலக்கி மறுபடி கத்தினாள். மறுபடி, மறுபடி. கண்ணாடியெல்லாம் மூச்சால் வெளுத்துப்போயிற்று.

"அடிப்பாவி, இத்தன நாளா இத எங்க வச்சிருந்த?" என்று கேட்ட ஜசிந்தா, டாராவின் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் டெர்வ்லா நினைத்தாள்.

அதன் பிறகு பத்து வியாழக்கிழமைகள். காருக்குள் வந்தால் கீலின் பேசுவாள். முதலில் மிருகங்கள்; பிறகு "இறங்கு, டிக்கெட்"; பிறகு "கோழி ஓட்டத் தெரியாது, அம்மா ஓட்டும்". பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவளுக்கு நாலு வயதானது. அந்த வாரம் டெர்வ்லா கேக் வாங்கிக்கொண்டு போனாள். மெழுகுவர்த்தியைக் காருக்குள் ஏற்ற முடியாது என்பதால் ஊதுகிற மாதிரி நடித்தார்கள். நடிப்பு கீலினுக்குப் பிடிக்கவில்லை. "நெருப்பு எங்க?" என்று கேட்டாள். அவள் கேட்ட முதல் முழுக்கேள்வி அது. டெர்வ்லா அதை நோட்டில் எழுதி வைத்தாள்.

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை. இதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளப் பல மாதம் ஆயிற்று.

மார்ச் கடைசியில் ஓட்டல் மேனேஜர் ஃபிண்டன் கார் நிறுத்துமிடத்துக்கே வந்து கண்ணாடியைத் தட்டினார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"மேடம், மேல ஒரு கெஸ்ட் பார்த்திருக்காங்க. கார்ல புள்ளைங்க கத்துதுன்னு போலீசுக்கே போன் போடவான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?"

"வாசிக்கிறோம்னு சொல்லுங்க."

"கழுதை மாதிரி கத்தியா?"

"ஆமா. கழுதைக் கதை."

அவர் உள்ளே பார்த்தார். கீலின் இருக்கையின் கீழே நழுவிப் போயிருந்தாள். "எனக்குப் புரியுது, மேடம். ஆனா நான் எழுதித்தான் ஆகணும்" என்றார்.

அன்று மாலையே பெர்னி அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். அந்தத் தொண்டு நிறுவனத்தைப் பதினைந்து வருஷமாக நடத்துகிறவள். எதற்கும் குரலை உயர்த்தாதவள்.

"சொந்தக் கார்ல புள்ளைய ஏத்தினியா?"

"கார நான் ஓட்டவே இல்ல பெர்னி. நிறுத்தித்தான் இருந்துச்சு. அம்மாவும் கூட இருந்தா."

"நின்னாலும் ஓடினாலும் கார் காருதாம்மா. ஏதாவது ஒண்ணுன்னா நம்ம கதவையே இழுத்துப் பூட்டிருவாங்க. அப்ப நாப்பது புள்ளைங்களுக்கும் புத்தகம் கிடையாது. நீயே யோசி."

"அந்தப் பொண்ணு பேசுறா பெர்னி. கேள்வி கேக்கறா."

"தெரியும். நீ நோட்ல எழுதினதப் படிச்சேன். படிச்சிட்டு ரெண்டு பேருக்குக் காட்டினேன்கூட." பெர்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இனிமே அறைக்குள்ளதான். சரியா?"

அடுத்த வியாழக்கிழமை கதவைத் திறந்தபோது கீலின் கோட்டு, தொப்பி, ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். ஷூ இடவலம் மாறியிருந்தது. தானே மாட்டியிருக்கிறாள்.

"இன்னைக்கு இங்கயே வாசிப்போமா, கண்ணு?" என்றாள் டெர்வ்லா.

கீலின் கதவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். புத்தகத்தை அவள்தான் புரட்டினாள். ஆனால் எந்தப் பக்கத்திலும் நிற்கவில்லை. சீட்டு போடுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை டெர்வ்லா கதவைத் தட்டியபோது "உஷ்" கேட்கவில்லை. ஒரு ஜெர்மன்காரர் துண்டோடு கதவைத் திறந்தார். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கீழே ஓடினாள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் சொன்னாள். "திங்கக்கிழமை காலையில போன் வந்துச்சு. சாயந்தரமே கிளம்பிட்டாங்க. அந்தப் பக்கத்து நாலு ரூமையும் டூரிஸ்டுக்குத் திருப்பிட்டாங்க. மே மாசம் வந்துட்டா இப்படித்தான்."

"எங்க போனாங்க?"

"கவுன்சில் டாக்சி வந்துச்சு. எங்கன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஆளுக்கு ரெண்டு பைதான்னாங்களாம். பாவம், அந்தம்மா மீதிய இங்க விட்டுட்டுப் போயிருக்கு." மேசைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புப் பையை இழுத்தாள். இருபத்திரண்டு புத்தகங்கள். அக்டோபரிலிருந்து கொடுத்து வந்தவை, கேக் வாரத்துக் கூடுதல் புத்தகம் உட்பட. ஓரங்கள் கடிபட்டிருந்தன, அது டாராவின் வேலை.

ஜசிந்தாவின் போன் அணைந்து கிடந்தது. அடுத்த நாளும், அடுத்த வாரமும். கவுன்சிலுக்குப் போன் போட்டால், "அந்தப் பேர்ல ஒரு குடும்பம் எங்ககிட்ட இருக்கா இல்லையான்னே சொல்ல முடியாது மேடம், அது அவங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார்கள். காருக்காகத்தான் மாற்றினார்களா என்று ஃபிண்டனிடம் ஒருநாள் நேராகவே கேட்டாள். "இல்ல மேடம்" என்றார். பிறகு, "யார முதல்ல அனுப்புறதுன்னு ஒரு லிஸ்ட் கேட்டாங்க. கம்ப்ளைண்ட் இருக்கிறவங்கள முதல்ல போடுன்னாங்க. கார் கம்ப்ளைண்ட் ஒண்ணு மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

டெர்வ்லா மற்ற அறைகளுக்குத் தொடர்ந்து போனாள். வேலை வேலைதானே. ஆனால் கழுதைப் பக்கம் வரும்போது அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். குழந்தைகள் அவளுக்காகவும் சேர்த்துக் கத்தின.

ஜூன் முதல் வாரம், வரவேற்பு மேசைப் பெண் ஒரு உறையை நீட்டினாள். "உங்களுக்கு அவங்களத் தெரியும்ல? இதத் திருப்பி அனுப்பினா எங்கயோ போயிரும்." கீலினின் பெற்றோர் கவனத்துக்கு என்று அச்சிட்டிருந்தது. மூலையில் பேச்சுப் பயிற்சி மையத்தின் பெயர்.

பிறர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. அதை அவள் அப்படியே கவுன்சில் அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். பெர்னியிடமாவது கொடுத்திருக்க வேண்டும். அவள் காருக்குள் உட்கார்ந்து பிரித்துவிட்டாள். ஜூன் பதினெட்டு, செவ்வாய், காலை பத்து இருபது. வருவதை ஏழு நாளுக்குள் போனில் உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று கீழே எழுதியிருந்தது. கடிதம் ஓட்டலிலேயே ஆறு நாள் கிடந்திருக்கிறது.

ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த இடம். டெர்வ்லா போனை எடுத்தாள்.

"கீலினோட அம்மா பேசறேன்" என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"பிறந்த தேதி சொல்லுங்க?"

"பிப்ரவரி ஒன்பது."

"சரிங்க. பதினெட்டாம் தேதி வர்றீங்கல்ல?"

"வர்றோம். கண்டிப்பா வர்றோம்."

கடிதத்தை மறுபடி ஒட்டி, கவுன்சில் அலுவலகத்துக்கே போய், அவசரம் என்று நாலு தடவை சொல்லிக் கொடுத்தாள். மேசையிலிருந்தவர் பணிவாகத்தான் வாங்கினார். வாங்கி, ஒரு தட்டில் இருந்த கடிதக் குவியலின் மேல் வைத்தார். தினமும் ஜசிந்தாவின் எண்ணுக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு நாள் இருக்கிறது, பத்து நாள் இருக்கிறது, எப்படியும் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

பதினெட்டாம் தேதி விடுப்பு எடுத்து, பத்து மணிக்கே மையத்தின் காத்திருப்பு அறையில் போய் உட்கார்ந்தாள். மூன்று தாய்மார், நாலு குழந்தைகள். ஒரு பையன் பொம்மை ரயிலைச் சுவரில் ஓட்டிக்கொண்டிருந்தான். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்தாள். தபால்காரர். தண்ணீர் பாட்டில்காரர். தாமதமாக வந்த ஒரு தாத்தா.

பத்து இருபதுக்கு ஒரு இளம் தெரபிஸ்ட் கதவைத் திறந்து, "கீலின்?" என்று கூப்பிட்டாள். சிரித்த முகம்; கையில் ஒரு படப் புத்தகம்கூட வைத்திருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். "கீலின் வந்திருக்காளா?"

டெர்வ்லா எழுந்தாள். "அவங்க... வரல. நான் அவங்களுக்குத் தெரிஞ்சவ. அவங்கள வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. கடிதம் கிடைச்சிருக்காது."

"உறுதி பண்ணியிருக்காங்களே. அம்மாவே போன் பண்ணியிருக்காங்கன்னு இருக்கு."

டெர்வ்லா மறுபடி வாசல் கதவைப் பார்த்தாள்.

தெரபிஸ்ட் அவளை ஒரு ஓரமாக அழைத்துப்போனாள். "உறுதி பண்ணாம விட்டிருந்தா, முகவரியில ஆளில்லன்னு குறிச்சு, வரிசையில அப்படியே நிறுத்தி வச்சிருப்போம். தேட ஒரு வழி இருந்திருக்கும். வர்றேன்னு சொல்லிட்டு வரலன்னா, பேர எடுத்துருவாங்க. அது கம்ப்யூட்டரே பண்ணிரும். எனக்கும் பிடிக்கல, ஆனா என் கையில இல்ல."

"நான்தான் போன் பண்ணினேன்" என்றாள் டெர்வ்லா. "அவங்க அம்மா இல்ல, நான்தான்."

அந்தப் பெண் கையிலிருந்த படப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "அத நான் எழுதினா உங்களுக்குத்தான் பிரச்சினை. எழுதினாலும் பேர் திரும்ப வராது, அம்மா புதுசா எழுதிக் கொடுத்தாத்தான்" என்றாள். பிறகு, "போயிட்டு வாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டாள்.

டெர்வ்லா பெர்னியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பெர்னி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்டில், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நாந்தான். ஜசிந்தா. உயிரோட இருக்கியா?" எப்போதிலிருந்து 'நீ' ஆயிற்று என்று டெர்வ்லாவுக்கு நினைவில்லை, காரில்தான் ஆகியிருக்க வேண்டும். "பழைய போன டாரா கழிப்பறையில போட்டுட்டான். உன் நம்பர் எழுதின சீட்டு இப்பத்தான் கோட்டு பையில கெடச்சுது."

வடக்கே டண்டாக் என்ற ஊரில் இருந்தார்கள். ஊர் எல்லையில், வேறொரு ஓட்டலில். உள்ளே யாரும் பார்க்க வரக் கூடாது. சனிக்கிழமை காலையில் லாண்ட்ரிக்கு வருவேன், அங்கே வா என்றாள்.

டெர்வ்லா ரயிலேறிப் போனாள். கறுப்புப் பையிலிருந்த இருபத்திரண்டையும் தூக்கிக்கொண்டு போகலாமா என்று நினைத்து, வைக்க இடமிருக்காதே என்று விட்டாள். ஒரே ஒரு புதிய புத்தகம் எடுத்துக்கொண்டாள்: ஆற்றில் தொப்பியைத் தொலைத்த ஒரு தபால்காரியின் கதை.

லாண்ட்ரியில் ஆறு சலவை இயந்திரங்கள் ஒரே நேரத்தில் சுற்றின. ஜசிந்தா இளைத்திருந்தாள். டாரா பெஞ்சைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான். கீலின் உயரமாகியிருந்தாள், முன்தலைமுடியை யாரோ கோணலாக வெட்டியிருந்தார்கள். டெர்வ்லாவைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"நாலு மாசம் ஆச்சுல்ல. வந்துருவா" என்றாள் ஜசிந்தா.

டெர்வ்லாவால் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சொல்லிவிட்டாள். லிஸ்ட், கடிதம், போன், பத்து இருபது எல்லாம். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்பைக் கத்திக் கேட்பது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

ஜசிந்தா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஒரு சின்ன காலுறைக்கு ஜோடி தேடினாள். கிடைக்கவில்லை.

"என் குரல்ல பேசினியா?"

"ம்."

"எப்படிப் பேசின? பேசிக் காட்டு."

"ஜசிந்தா..."

"இல்ல, தெரிஞ்சுக்கணும். என்னைய மாதிரி பேசினா நம்புறாங்கன்னா, நான் பேசினா ஏன் நம்ப மாட்டேங்கிறாங்க?" சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அந்தக் கடுதாசி ஜூலைல வந்துச்சு. போன் போட்டேன். நீங்கதான் வர்றேன்னு சொல்லி வரலையேம்மான்னா அந்தப் பொண்ணு. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னே நினைச்சேன். நான்தான் சொல்லிட்டு மறந்துட்டேனோன்னு."

டெர்வ்லா முகத்தைக் கையால் மூடினாள்.

"அழாத. உன்னைய வேற யாரு தேத்துறது, எனக்குத் தெம்பில்ல." ஜசிந்தா மடித்த துணியைப் பையில் அழுத்தினாள். "கார் நல்லாத்தான் இருந்துச்சு. அத நான் சொல்லவே மாட்டேன் தப்புன்னு. ஆனா இனிமே எங்களுக்கு நல்லது பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளு."

"கேக்கறேன்."

"இப்ப கேளு."

டெர்வ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புதுசா ஒரு விண்ணப்பம் கொண்டுவந்திருக்கேன். இந்த ஊர் மையத்துக்கு. எழுதலாமா?"

"எத்தன மாசம்?"

"பதினாறுன்னு சொல்றாங்க."

"அதுக்குள்ள அவ பள்ளிக்கூடத்துலயே ஒரு வருஷம் உக்காந்திருப்பா. வாயத் தொறக்காம." ஜசிந்தா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "பள்ளிக்கூடமும் இன்னும் கெடைக்கல. தற்காலிக முகவரின்னா கடைசியிலதான் பாப்பாங்களாம். சரி, எழுது. எழுதாம இருந்தா மட்டும் என்ன ஆகப்போவுது."

இரண்டு பேரும் உலர்த்தும் இயந்திரத்தின் மேல் தாளை வைத்து எழுதினார்கள். அது அதிர்ந்ததில் ஜசிந்தாவின் கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. முகவரி என்ற இடத்தில் அவள் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு ஓட்டல் பெயரை எழுதி, பக்கத்தில் "இப்போதைக்கு" என்று சேர்த்தாள்.

கீலின் மெல்ல வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். டெர்வ்லா தபால்காரிப் புத்தகத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தபோது புத்தகம் விரிந்திருந்தது. ஒரு படத்தில் விரலை வைத்து, தொப்பி எங்கே போகிறது என்று ஆற்றோடு இழுத்துக்கொண்டே போனாள். டாரா வந்து எட்டிப் பார்த்தான். அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் உதடு அசைந்தது. ஏதோ சொல்கிறாள். அவனுக்குத்தான் சொல்கிறாள். டெர்வ்லாவால் அதைக் கேட்க முடியவில்லை. அருகே போனால் நின்றுவிடும் என்று இருந்த இடத்திலேயே இருந்தாள்.

ரயிலுக்கு நேரமானது. டெர்வ்லா கோட்டை எடுத்தாள். கீலின் எழுந்து வந்து புத்தகத்தை இரண்டு கையாலும் மூடி அவளிடம் நீட்டினாள்.

"உனக்குத்தான் கண்ணு. வச்சுக்கோ."

கீலின் அதை இழுத்துக்கொள்ளவில்லை. தலையை அம்மாவின் இடுப்பில் சாய்த்து, மேலே பார்த்து ஏதோ கேட்டாள். இயந்திரங்களின் இரைச்சலில் ஒன்றும் விழவில்லை. ஜசிந்தா குனிந்து காதைக் கொடுத்தாள்.

"என்ன கேக்கறா?" என்றாள் டெர்வ்லா.

ஜசிந்தா மகளின் கோணல் முடியை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தன நாளைக்குன்னு கேக்கறா."